அரசியல் அறிவியல் பட்டமும் கடன் கணக்கும்

பிள்ளைக்கு அரசியல் அறிவியலில் நாட்டம் என்று தெரிந்ததும், கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உள்ள வீட்டில் முதலில் எழும் கேள்வி "அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அந்தப் பட்டத்தை எந்த வளாகத்தில், எவ்வளவு கொடுத்து வாங்கப்போகிறோம்? மலேசியாவில் அரசியல் அறிவியல் என்ற பாடத்துக்கு ஒரே விலை கிடையாது. பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை முறையான யுபியு வழியாக இடம் கிடைத்தால், கட்டணத்தில் பெரும்பங்கை அரசே ஏற்பதால், முழுப் படிப்புக்கும் மாணவர் கட்டுவது சில ஆயிரம் வெள்ளிதான். இதே துறையை ஒட்டிய, அனைத்துலக உறவு போன்ற பட்டத்தை செமினியிலோ பண்டார் சன்வேயிலோ உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளையில் படித்தால், மூன்றாண்டுக் கட்டணம் மட்டும் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டும். பட்டதாரியின் முதல் சம்பளமோ இந்த அளவுக்கு வேறுபடுவதில்லை. அதனால் இந்தப் பாடத்தை எடுக்கலாமா என்பதற்கான விடை, பாடத்தை விட வளாகத்தின் விலையைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது. அரசுப் பல்கலைக்கழக இடம் கிடைத்தால், ஆர்வமுள்ள பிள்ளை தயங்காமல் எடுக்கலாம். கடன் வாங்கித்தான் தனியார் வளாகத்தில் படிக்க முடியும் என்றால் எடுக்க வேண்டாம். இந்த அத்தியாயம் சொல்லப்போவது இவ்வளவுதான். மீதியெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

வருமானத்திலிருந்து தொடங்குவோம். புள்ளிவிவரத் துறையின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டில் சம்பளத்துக்கு வேலை செய்வோரின் இடைநிலை மாதச் சம்பளம் 2,424 வெள்ளி. பாதிப்பேர் அதற்குக் கீழே, பாதிப்பேர் அதற்கு மேலே. பல ஆண்டு வேலை செய்தவர்களையும் சேர்த்துக் கிடைத்த எண் இது என்பதை மறக்கக் கூடாது. உயர்கல்வி கற்று வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தங்கள் கல்விக்குக் கீழான, பட்டம் தேவைப்படாத வேலைகளில் இருக்கிறார்கள் என்பதையும் அதே துறைதான் காலாண்டுக்குக் காலாண்டு சொல்லிவருகிறது. இது அரசியல் அறிவியல் படித்தவர்களுக்கு மட்டும் வந்த நோயல்ல, வணிகம் படித்தவர்களும் கணினி படித்தவர்களும் அதில் இருக்கிறார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. புதிய பட்டதாரி வாங்கும் சம்பளத்துக்கும் பட்டமே இல்லாதவர் வாங்கும் சம்பளத்துக்கும் உள்ள தூரம் பெற்றோர் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஆகவே திட்டமிடும்போது முதல் மூன்று ஆண்டுக்குச் சம்பளம் 2,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். அதற்கு மேல் கிடைத்தால் அது லாபம்.

அந்த 2,500 வெள்ளி கைக்கு எப்படி வருகிறது என்பதைச் சம்பளச் சீட்டில் பார்க்க வேண்டும். இபிஎப் 11 விழுக்காடு, அதாவது 275 வெள்ளி. சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் சேர்த்துப் பதினேழு வெள்ளி சொச்சம். கையில் வருவது ஏறத்தாழ 2,200. கோலாலம்பூரில் அறை வாடகை 600 என்று வைப்போம். சாப்பாடு 700. போக்குவரத்து 150, தொலைபேசி 50. வீட்டுக்கு 300 அனுப்பாமல் நம் பிள்ளைகள் இருப்பதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மிச்சம் 400 வெள்ளி. கல்விக்கடன், உடை, மருந்து, தீபாவளி, அவசரம் எல்லாவற்றுக்கும் இந்த 400தான். கிள்ளானில் பெற்றோருடன் தங்கினால் வாடகை மிச்சமாகும், உண்மை. ஆனால் 50 வெள்ளி மாதப் பாஸ் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேப்பிட் பேருந்துக்குத்தான் செல்லும், கேடிஎம் கொமுட்டருக்குச் செல்லாது. கிள்ளானிலிருந்து தினமும் கேஎல் சென்ட்ரல் வருபவர் அந்தச் செலவைத் தனியாகப் போட வேண்டும்.

இப்போது இரண்டு வழிகளையும் இந்த 400 வெள்ளிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன்னிடம் 20,000 வெள்ளி கடன் வாங்கியிருக்கிறார் என்று கொள்வோம். 1997இல் தொடங்கப்பட்ட இந்த நிதி இப்போது ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா என்ற சேவைக் கட்டணத்தைத்தான் வாங்குகிறது. பத்தாண்டில் கட்டுவதாக இருந்தால் மாதத் தவணை ஏறத்தாழ 183 வெள்ளி. நெருக்கடிதான், ஆனால் கட்டிவிடலாம். அடுத்தவர் தனியார் வளாகத்தில் ஒரு லட்சம் வெள்ளிக்குப் படித்தவர். பிடிபிடிஎன் தனியார் வளாகத்தின் முழுக் கட்டணத்தையும் தருவதில்லை. 40,000 அங்கிருந்து கிடைத்தது, 20,000 அப்பாவின் இபிஎப்பிலிருந்து எடுத்தது, இன்னொரு 40,000 வீட்டை மறுகடனுக்கு வைத்து வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிபிடிஎன் தவணை பதினைந்து ஆண்டுக்கு மாதம் 255 வெள்ளி. வீட்டுக்கடனில் ஏறிய தொகைக்கு 4.5 விழுக்காடு வட்டி என்றால் இருபது ஆண்டுக்கு மாதம் 253 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 500ஐத் தாண்டிவிட்டது. மிச்சம் இருப்பது 400. குறையும் நூறு வெள்ளியை யாரோ ஒருவர் போட்டாக வேண்டும், பெரும்பாலும் அது ஓய்வுபெறும் வயதில் இருக்கும் தகப்பனார்தான்.

இபிஎப் பணம் கடனல்லவே, நம் பணம்தானே என்று சொல்லும் பெற்றோர் உண்டு. கல்விக்காக அதை எடுக்கச் சட்டமும் இடம் தருகிறது. 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம். ஆனால் கடந்த பத்தாண்டில் மரபுவழிச் சேமிப்புக்கு இபிஎப் கொடுத்த மிகக் குறைந்த லாப ஈவே 2020ஆம் ஆண்டுக்கு அறிவித்த 5.2 விழுக்காடு. 5 விழுக்காடு என்று இன்னும் குறைத்துப் போட்டாலும், இன்று எடுக்காமல் விட்ட 20,000 வெள்ளி பதினைந்து ஆண்டில் 41,000ஐத் தாண்டும். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்து லாரி ஓட்டியும் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தும் சேர்த்த பணம் அது. முதுமையில் மருத்துவச் செலவுக்கு அதைத் தவிர வேறொன்றும் இல்லாத குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அரசுப் பல்கலைக்கழகத்தில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் படிப்புக்காக அதைத் தொடுவது தவறு என்று உறுதியாகச் சொல்வேன்.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். வெளிநாட்டுக் கிளை வளாகத்தில் படித்தவருக்கு ஆங்கிலம் சரளமாக வரும், பன்னாட்டு நிறுவனம் அவரைத்தானே எடுக்கும் என்பார்கள். ஓரளவு உண்மை. கோலாலம்பூரில் ஆலோசனை நிறுவனங்களும் பன்னாட்டு நிறுவனங்களின் பொதுவிவகாரப் பிரிவுகளும் ஆங்கிலத்தில் எழுதும் ஆளைத்தான் தேடுகின்றன. ஆனால் ஆங்கில எழுத்தை மேம்படுத்த ஒரு லட்சம் வெள்ளி தேவையில்லை. வெளிநாட்டுக் கல்வியின் அனுபவம்தான் வேண்டும் என்றால் அதற்கு முதுகலைப் படிப்பே ஏற்ற இடம். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை மலேசியர்களுக்கும் உண்டு. ஓராண்டு முதுகலைப் படிப்பின் முழுச் செலவையும் ஏற்கும் அந்த உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். பாங்கியில் மலிவாகப் பட்டம் வாங்கி, இரண்டாண்டு வேலை பார்த்து, கடனில்லாமல் லண்டனுக்குப் போக முயல்வது நல்ல வரிசை. முதல் பட்டத்திலேயே கடனில் மூழ்கியவருக்கு இந்தக் கதவு பாதி மூடிவிடும், ஏனென்றால் ஓராண்டு சம்பளமில்லாமல் படிக்கும்போதும் வீட்டில் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

அரசியல் அறிவியலுக்குப் பதில் சட்டம் படிக்கட்டுமே என்ற யோசனை நம் வீடுகளில் இன்னும் வலுவானது. மலாயாப் பல்கலைக்கழகத்திலோ தேசியப் பல்கலைக்கழகத்திலோ சட்டத்துக்கு இடம் கிடைத்தால் மறுபேச்சின்றி எடுக்கலாம். அங்கே கிடைக்காமல், தனியார் கல்லூரி வழியாகப் பிரிட்டிஷ் சட்டப் பட்டம் படிப்பதுதான் மாற்று என்றால் கணக்கு வேறு. பட்டத்துக்கு மேல் வழக்கறிஞர் தகுதிக்கான சிஎல்பி தேர்வு எழுத வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம், தனி ஆண்டு. அதற்குப் பின் ஒன்பது மாதம் மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி. அந்த மாதங்களில் கிடைக்கும் படியை நம்பித் தவணை கட்ட முடியாது. சட்டத் துறையில் பின்னால் வரும் வருமானம் அதிகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கடனும் பின்னால் வருவதில்லை, முன்னாலேயே வந்து நிற்கிறது.

அரசியல் அறிவியல் படித்தால் அரசாங்க வேலை உறுதி என்ற நம்பிக்கையையும், அரசாங்க வேலை நமக்கு எங்கே கிடைக்கும் என்ற சலிப்பையும் ஒரே வீட்டில் கேட்கலாம். இரண்டுமே முழுதாகச் சரியில்லை. நிர்வாக, அரசதந்திர அதிகாரிப் பணியான பிடிடிக்கு எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம், வேதியியல் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். தேர்வு, மதிப்பீட்டு முகாம், நேர்காணல் என்று கடந்து, இந்தான் நிறுவனத்தில் பயிற்சி பெற்ற பிறகுதான் பணி. பாடத்தின் பெயர் அங்கே சலுகை எதுவும் தராது. இந்தியர்களாகிய நம்மவர் நாட்டின் மக்கள்தொகையில் 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, அரசு ஊழியர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த நிலையில் பிடிடி கிடைக்கும் என்று எண்ணிக் கடன் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவது. விண்ணப்பிக்காமலே இருப்பதும் அதே அளவு பிழை. விண்ணப்பத்துக்குப் பணம் செலவில்லை. பொதுச்சேவை ஆணையத்தில் பெயர் பதிந்து, எஸ்பிஎம் மலாய்மொழித் தகுதியைச் சரிபார்த்து, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

மலிவான இடத்தில் படித்தாலும் சம்பளம் 2,500இலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. இதற்கான பதில் படிக்கும் காலத்திலேயே தொடங்குகிறது. அரசியல் அறிவியல் பட்டதாரிக்குப் பட்டத்தோடு விற்கக்கூடிய ஒரு கைத்திறன் வேண்டும். இந்த ஊரில் மூன்று திறன்களுக்குத் தேவை இருக்கிறது. அலுவலக மலாய் எழுத்து ஒன்று, புள்ளியியல் மென்பொருள் ஒன்று, தமிழ் ஒன்று. மூன்றாவதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கிள்ளானில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு வரும் கோப்பு ஒன்றை எண்ணிப் பாருங்கள். இந்த மண்ணில் பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. அவர் பிறந்த தோட்டம் எது, மருத்துவச்சி யார், திருமணப் பதிவு இருந்ததா என்று தமிழில் பொறுமையாகக் கேட்டு வாங்க வேண்டும். அதைத் தேசியப் பதிவுத் துறை ஏற்கும் மலாயில், விதி எண்ணோடு, சத்தியப் பிரமாணத்தோடு கடிதமாக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யத் தெரிந்தவர் அந்த அலுவலகத்துக்குக் கிடைப்பது அரிது. பாங்கியிலேயே இயங்கும் மெர்டேக்கா சென்டர் போன்ற கருத்துக்கணிப்பு அமைப்புகள் இருக்கின்றன, கசானா ஆய்வு நிறுவனம், ஐசிஸ், ஐடியாஸ் போன்ற ஆய்வு நிறுவனங்கள் கோலாலம்பூரில் இருக்கின்றன. அங்கெல்லாம் தரவை அட்டவணையாக்கத் தெரிந்த மாணவருக்குப் பயிற்சியிடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். சேவை மையத்தில் தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கலாம். ஆனால் அங்கே கற்றுக்கொள்ளும் கோப்பு வேலையை வங்கியும் மாநகராட்சியும் தொண்டு நிறுவனமும் மதிக்கின்றன.

இந்த அனுபவத்தைத் தேடுவதற்கு முன்பெல்லாம் சட்டமே தடையாக நின்றது. 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நடந்தபோது, பிரச்சாரக் களத்தில் இருந்ததற்காகத் தேசியப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் மாணவர்கள் நால்வர் மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. அரசியல் படிப்பவர்கள் அரசியலைப் பார்க்கப் போனதுதான் குற்றம். 2011 அக்டோபர் 31இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாணவர் கட்சிகளை ஆதரிப்பதைத் தடுத்த பல்கலைக்கழகச் சட்டப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2012இல் மாணவர் கட்சியில் சேர இருந்த தடை நீங்கியது, பின்னர் வளாகத்துக்குள்ளும் தளர்வு வந்தது. அந்த நால்வரின் துணிவால் இன்றைய மாணவருக்குக் கிடைத்த உரிமை இது. மூன்றாண்டையும் விடுதி அறையில் கழித்துவிட்டு வெளியே வருபவர் அதைப் பயன்படுத்தாமல் விடுகிறார்.

பெரிய மனிதர்களைக் காட்டி வாதிடுவோருக்கும் ஒரு வார்த்தை. தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ப. இராமசாமி 2008இல் பினாங்கின் இரண்டாம் துணை முதல்வரானார். பெருமைக்குரிய செய்தி. ஆனால் அந்த ஆண்டின் அரசியல் அலை ஒவ்வொரு தலைமுறைக்கும் வருவதில்லை. ஒருவரின் உயர்வை வைத்து ஆயிரம் பேரின் தவணையைக் கணக்கிட முடியாது.

கடன் தள்ளுபடி வரும் என்ற எதிர்பார்ப்பையும் கணக்கில் சேர்க்காதீர்கள். 2018 பொதுத்தேர்தலில் மாதம் 4,000 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பாதிப்போர் பிடிபிடிஎன் கட்டுவதை ஒத்திவைக்கலாம் என்று வாக்குறுதி தரப்பட்டது. வாக்குறுதி தந்தவர்கள் வென்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சம்பளத்துக்கேற்பப் பிடித்தம் செய்யும் திட்டம் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததும் தள்ளிவைக்கப்பட்டது. 4,000 வெள்ளி வாக்குறுதி நடைமுறைக்கு வரவில்லை. கடன் பாக்கி வைத்தவரை நாட்டை விட்டுப் போகவிடாத பயணத் தடை 2018இல் நீக்கப்பட்டது நல்ல மாற்றம்தான். ஆனால் பாக்கி மத்திய வங்கியின் சிசிஆர்ஐஎஸ் பதிவில் ஏறும். பின்னாளில் கார் வாங்கவோ வீடு வாங்கவோ வங்கிக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். முதல் வகுப்பில் தேறினால் கடன் விலக்கு என்பது உண்மை, ஆனால் யாருக்கு அந்த விலக்கு என்ற விதி ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கிறது. முதல் வகுப்புக்காக உழையுங்கள். கணக்கை முழுத் தொகையையும் திருப்பிக் கட்டுவதாகவே போடுங்கள். படிப்பு முடிந்த பன்னிரண்டாம் மாதம் தவணை தொடங்கும் என்பதையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

அமெரிக்க அறிவுரைகளைப் படித்துக் குழம்புவோரும் இருக்கிறார்கள். அங்கே பட்டதாரிகளின் கடன் பல்லாயிரம் டாலர், திருப்பிக் கட்டுவதை வருமானத்தோடு இணைக்கும் திட்டங்களும் உண்டு. நம் நாட்டில் அரசுப் பல்கலைக்கழக மாணவரின் கடன் சிறியது, தொடக்கச் சம்பளமும் சிறியது. அதனால் அங்கே பாடத்தை மாற்றச் சொல்லும் அறிவுரை இங்கே பொருந்தாது. இங்கே மாற்ற வேண்டியது சேரும் வாசலை.

அந்த வாசல் எஸ்பிஎம் முடிவு வந்த வாரத்திலேயே திறக்கிறது. பலர் அப்போதே தவறவிடுகிறார்கள். மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை என்றதும் பயந்து, தனியார் கல்லூரியின் அடிப்படைப் படிப்பில் பல்லாயிரம் வெள்ளி கட்டிச் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கே சேர்ந்தபின் அதே வளாகத்தின் பட்டப்படிப்பில்தான் பெரும்பாலும் போய் முடிகிறது. ஆறாம் படிவத்துக்கு அந்தச் செலவு இல்லை. ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம், பொது அறிவு, வரலாறு, பொருளியல், தமிழ்மொழி என்று எடுத்து எஸ்டிபிஎம்மில் நல்ல புள்ளி வாங்கினால் யுபியு பட்டியலில் பாங்கி, கோம்பாக், பினாங்கு, சிந்தோக் வளாகங்கள் எல்லாம் எட்டும் தூரம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறை அனைத்துலக, வியூக ஆய்வு என்ற பெயரில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைக்குக் கேஎல் சென்ட்ரலிலிருந்து நான்காவது எல்ஆர்டி நிலையம் அது, அந்த 50 வெள்ளிப் பாஸே போதும். கிள்ளான் பிள்ளைக்குப் பாங்கி என்றால் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் மாறி யுகேஎம் நிலையத்தில் இறங்க வேண்டும், போகவர நான்கு மணி நேரத்தைத் தொட்டுவிடும். அவர் விடுதியில் தங்குவதே நல்லது. விடுதிக் கட்டணம் ஒரு நாளுக்குச் சில வெள்ளிதான். ஒரு எச்சரிக்கை: அரசுப் பல்கலைக்கழகமே ஆனாலும் 'சாலுரான் தெர்புக்கா' என்ற திறந்த வழியில் சேர்ந்தால் அரசு மானியம் கிடைக்காது, கட்டணம் பலமடங்கு. வாய்ப்புக் கடிதத்தில் எந்த வழி என்று எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டுத்தான் மகிழ வேண்டும்.

ஏற்கெனவே தனியார் கல்லூரியின் கடிதம் கையில் இருந்தால், முன்பணம் கட்டுமுன் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள். பதிவு, தேர்வு, வளக் கட்டணம் உட்படப் படிப்பு முடியும்வரை மொத்தம் எவ்வளவு, அதில் பிடிபிடிஎன் எவ்வளவு தரும், இந்தப் பட்டத்துக்கு எம்கியூஏ அங்கீகார எண் என்ன. மொத்தத்தில் பிடிபிடிஎன் தொகையைக் கழித்து வரும் மிச்சத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதுங்கள். அந்த மிச்சத்தைச் சேமிப்பிலிருந்து, வீட்டையும் இபிஎப்பையும் தொடாமல் கட்ட முடியுமானால் சேருங்கள். முடியாதென்றால் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, பக்கத்து இடைநிலைப்பள்ளியில் ஆறாம் படிவப் பதிவு எந்தத் தேதிவரை என்று நாளைக் காலையே போய்க் கேட்டு வாருங்கள்.